அம்மா விட்ட தக்காளி

பங்குனி மாதத்துத் தக்காளிச் செடியைப் பார்த்தால் அதில் சாப்பிட ஏதாவது மிச்சமிருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. கீழிலையெல்லாம் கருகித் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டு தரையில் சாய்ந்து கிடக்கும். தையில் உள்ளங்கை நிறையக் காய்த்த செடி, இப்போது நெல்லிக்காய் அளவுக்கு மேல் காய்க்க முடியாமல் திணறும். பழத்தின் தோல் தடித்துக் காம்படியில் வெடித்திருக்கும். ஆனால் ருசி என்றால் அந்தப் பழத்தில்தான் ருசி. தண்ணீர் குறைந்து வெயில் ஏறின பழம். பாதி கடித்து, கடித்த இடத்தில் கல்லுப்பை ஒற்றி, மீதியை வாயில் போட்டால் முதலில் புளிக்கும், பிறகு உப்புக் கரிக்கும், தொண்டைக்குள் இறங்கும்போது இனிக்கும். சாறு முழங்கை வரை வழியும். கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து தின்றிருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதான அந்தப் பங்குனியில், வீட்டில் அதைத் தின்ன நான் ஒருத்திதான் இருந்தேன். நைனா தக்காளியைத் தொடமாட்டார். அம்மா அதை விட்டுவிட்டிருந்தாள். செடி வைத்த அண்ணன் வீட்டிலேயே இல்லை. எங்கே இருக்கிறான், வருவானா மாட்டானா என்பதும் யாருக்கும் தெரியவில்லை. அப்படி இருந்தும் பழம் எனக்கு இனித்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

நாங்கள் செஞ்சியில் கோட்டைக்குக் கிழக்கே இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை, அதைத் தாண்டிக் கிணறு, கிணற்றை ஒட்டி ஒன்றரைக் காணி நிலம். சமணக் குடும்பம். பூண்டு, வெங்காயம், கிழங்கு எதுவும் அடுப்படிக்குள் வராது. தக்காளி வந்ததே அண்ணனால்தான். திண்டிவனத்தில் கூடப் படித்தவன் வீட்டிலிருந்து விதையைக் காகிதத்தில் காயவைத்துக் கொண்டுவந்து, வாய்க்கால் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு செடி வைத்தான். நைனாவுக்குப் பிடிக்கவில்லை. முதல் பழத்தை அரிந்து பார்த்துவிட்டு, "இத்தினி வெத இருக்குது. ஒவ்வொண்ணும் ஒரு உசுரு. கலரும் ரத்தமாட்டம் இருக்குது. எனக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அம்மா ஒரு துண்டு தின்று பார்த்தாள். அன்றிலிருந்து அந்தப் பருவம் முழுக்கத் தக்காளி இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ரசம் வைப்பாள், துவையல் அரைப்பாள், ஒன்றுக்கும் நேரமில்லாவிட்டால் பச்சையாகவே தின்பாள். "வெதய உசுருன்னு பாத்தா நெல்லு இன்னாவாம்" என்று நைனா காதில் விழாதபடி சொல்லிக்கொள்வாள். மறு வருஷமும் அண்ணன் செடி வைத்தான். அது அம்மாவுக்காகவே வைத்தது.

எங்கள் வீட்டில் பொழுது போனபின் சாப்பாடு கிடையாது. வெளிச்சம் இல்லாத நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி சோற்றில் விழுந்துவிடும், தெரியாமல் தின்றாலும் அது கொலைதான் என்பது காரணம். இது எங்கள் சனத்துக்கெல்லாம் பொது. ஆனால் பொழுது எப்போது போகிறது என்பதில் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் நிலத்திலிருந்து பார்த்தால் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விடும். அப்புறமும் அரை மணிக்கு மேல் நல்ல வெளிச்சம் இருக்கும். நைனா அந்த வெளிச்சத்தை ஒத்துக்கொள்ளமாட்டார். மலைநிழல் வயலில் நடந்து வந்து கிணற்று மேட்டைத் தொட்டால் பொழுது போயிற்று. அடுப்படி மூடியாயிற்று.

அண்ணனுக்கும் நைனாவுக்கும் இதில் ஓயாத வழக்கு.

"மேல்சித்தாமூர்ல மலையே இல்ல. அங்க அர மணி நேரம் கூட உக்காந்து சாப்புட்றாங்க. நம்ம மடத்துக்குப் பக்கத்திலயே சாப்புட்றாங்க. அவங்கல்லாம் பாவிங்களா நைனா?"

"அவங்க மலையில்லாத ஊர்ல பொறந்தாங்க. நீ இங்க பொறந்துட்ட" என்பார் நைனா.

மாசி மாதத்தில் ஒருநாள் அண்ணன் வேர்க்கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவலூர்பேட்டைக்குப் போய்விட்டு வந்தான். காலையில் குடித்த கூழோடு போனவன். வண்டியை அவிழ்க்கும்போது நிழல் கிணற்றைத் தாண்டி மாட்டுக்கொட்டகை வரை வந்துவிட்டது. அம்மா அவசர அவசரமாகத் தட்டு வைத்தாள். நான் தண்ணீர் வைத்தேன். அவன் இரண்டு வாய் தின்றிருப்பான், நைனா உள்ளே வந்தார்.

"பொழுது போயிடுச்சி. எந்திரி."

"போவல நைனா. மலைக்கு அந்தாண்ட இருக்குது. ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லு."

"காலைலேர்ந்து ஒண்ணும் திங்கல புள்ள. இன்னிக்கி ஒரு நாளு உட்டுடுங்க" என்றாள் அம்மா.

நைனா கத்தவில்லை. குனிந்து அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்தார். எடுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய், வண்டி இழுத்து வந்த மாட்டின் முன்னால் கொட்டினார். அண்ணன் கையில் உருட்டின சோறு ஒரு வாய்க்கு அப்படியே இருந்தது. அவன் அதைத் தின்னவும் இல்லை, போடவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். அம்மா கொல்லையில் இருந்தாள், அவளிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான். அந்த நாளில் எங்கள் கிணற்றில் மோட்டார் இல்லை, இரண்டு மாட்டைக் கட்டிச் சாலில் தண்ணீர் இறைப்பார்கள், அதற்குக் கவலை என்று பேர். நைனா கிணற்றில் கவலை ஓட்டுகிறார், இவள் மனசில் ஓட்டுகிறாள் என்று சொல்லி என்னை அவன் கூப்பிடுவதே அந்தப் பேரில்தான்.

"இன்னா கவல, மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சிக்கினு இருக்கற. செடிக்குத் தண்ணி உடு. வர்றேன்."

வர்றேன் என்றுதான் சொன்னான். எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எட்டு நாள் பார்த்துவிட்டு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த ஒரு பண்டத்தைச் சாமி முன்னால் 'விட்டேன்' என்று வாயால் சொல்லிவிடுவார்கள். சொன்னால் சொன்னதுதான். ஒருத்தர் பாலை விடுவார், ஒருத்தர் வெல்லத்தை விடுவார், மழைக்காலம் நாலு மாசமும் கத்திரிக்காயை விடுகிறவர்கள் உண்டு. அம்மா கைகூப்பி நின்று, "எம் புள்ள திரும்பி வந்து நம்ம வூட்ல உக்காந்து சோறு திங்கற வரைக்கும் நான் தக்காளிய விட்டேன்" என்றாள். அந்த வயதில் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. செடி நிறையப் பழம் தொங்குகிற சமயத்தில் விட்டிருக்கிறாள். இதற்கு அண்ணன் வராமல் இருக்கமுடியாது என்று நினைத்தேன்.

விட்டதை மறுபடி தின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாரும் சொல்லாததை நானே நிரப்பிக்கொள்வேன். யாருக்காக விட்டோமோ அவர்களுக்குத்தான் கெடுதி வரும் என்று முடிவு கட்டியிருந்தேன். அதனால் தோட்டத்தில் பழம் தின்றுவிட்டு அம்மாவிடம் போகும்போது கையைக் கழுவி, வாயைக் கொப்புளித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் போவேன். தெரியாமல் ஒரு துளி பட்டுவிட்டால் என்ன செய்வது.

பங்குனியில் அம்மா வீட்டுக்கு விலக்கானாள். மூன்று நாள் அடுப்படிக்கு வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் தனியாக இருப்பாள். மற்ற மாதங்களில் அடுத்த தெரு அத்தை வந்து சமைத்துப் போடுவாள். அந்த முறை அத்தை ஒரு கல்யாணத்துக்குத் தொண்டூர் போயிருந்தாள். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக நான் சமைத்தேன். அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பாள்.

"புளி கரைச்சிட்டியாடி?"

"கரைச்சிட்டேன்."

"மொளகு தட்னியா, அரைச்சியா?"

"தட்னேன்."

"அரைச்சாதான் ரசமா இருக்கும். சரி வுடு, இன்னிக்கி அப்பிடியே போவட்டும்."

நைனாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு சட்டியில் புளி ரசம் வைத்தேன். எனக்கு மட்டும் இன்னொரு சட்டியில் ஐந்தாறு தக்காளியைப் பிசைந்துபோட்டு வைத்தேன். அதில் எனக்குக் குற்றமாக எதுவும் தோன்றவில்லை. செடி ஓய்கிற நேரம், பழத்தை வீணாக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டும் ஒரே அளவு மண்சட்டி, ஒரே மாதிரி மூடி. தக்காளிச் சட்டியை அடுப்பின் வலப்பக்கம் வைத்தேன்.

முதல் சமையல் ஆனதால் எல்லாம் தாமதமாகிவிட்டது. சோறு பொங்கும்போதே நைனா கிணற்றுப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "பொழுது போவுது. நெழலு பாதி வயலுக்கு வந்துடுச்சி. ஆச்சா இல்லியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இந்த வீட்டில் நிழல் வந்தபிறகு ஒரு தட்டை எடுத்தார்கள், அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. சோற்றை இறக்குவதற்காக இரண்டு சட்டியையும் நகர்த்தினேன். நகர்த்தினதை மறந்தேன். நைனாவுக்குச் சோறு போட்டு ரசத்தை ஊற்றினேன். அதே சட்டியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடி அம்மா தட்டிலும் ஊற்றினேன்.

அம்மா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மூச்சிரைத்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா இருக்குதாம்மா?"

"இருக்குது. நைனாவுக்குப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"சரி. இன்னும் ஒரு கரண்டி ஊத்திட்டுப் போ."

உள்ளே நைனாவும் தட்டை நீட்டினார். "இன்னாம்மா போட்ட இதுல? நல்லா இருக்குதே." சீரகம் கொஞ்சம் கூடப் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தட்டின் ஓரத்தில் ஒரு சிவப்புத் தோலை ஒதுக்கி வைத்திருந்தார். மிளகாய்த் தோல் என்று அவரும் நினைத்தார், நானும் அப்படியே நினைத்தேன். அவர் கைகழுவும்போது நிழல் கிணற்று மேட்டைத் தொட இன்னும் இரண்டு பாத்தி இருந்தது. பிழைத்தோம் என்று நான் என் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மற்ற சட்டியைச் சாய்த்தேன். வெறும் புளி ரசம் விழுந்தது.

ஓடிப்போய் அம்மா தட்டைப் பார்த்தேன். அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தாழ்வாரத்துக் கம்பில் சாய்ந்து, மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். புளிப்பில் புளிப்பு மறைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் துப்பியிருப்பாள், வாய் கொப்புளித்திருப்பாள், என்னை அடித்திருப்பாள். இன்னும் ஒரு கரண்டி கேட்டிருக்கமாட்டாள். ஆக, அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். என் கையால் அம்மா விட்டதைத் தின்னவைத்தேன், அண்ணன் எங்கேயோ ஒரு ஊரில் பஸ் வருவதைப் பார்க்காமல் அதன் முன்னால் நடந்துகொண்டிருக்கிறான்.

நான் அப்படித்தான் யோசித்தேன். இன்றைக்கும் யாராவது வெளியூர் போனால் நான் யோசிக்கிற முறை அதுதான்.

அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று நூறு தடவை வாயைத் திறந்தேன். சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அண்ணனுக்கு ஆபத்து. ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் விரதம் கெட்டதற்கு ஈடாக நான் ஒன்றை விடவேண்டும். அம்மா விட்டதைவிடப் பெரியதாக விடவேண்டும். தக்காளியை விடலாம், ஆனால் செடியே இன்னும் பத்து நாளில் காய்ந்துவிடும், அது ஏமாற்று. பாலை விடலாம், ஆனால் எனக்குப் பாலே பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று தேடிப் பார்த்தேன். அதிகம் தேடவேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதல். வாத்தியார் இல்லாத நேரத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது நான்தான். அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை தனியாகக் கோயிலுக்குப் போனேன். அம்மா மாதிரியே கைகூப்பி, வாய்விட்டுச் சொன்னேன். "எங்கண்ணன் வர்ற வரைக்கும் நான் பள்ளிக்கூடத்த விட்டேன்."

வீட்டுக்குத் திரும்பியபோது பத்து மணி இருக்கும்.

"இன்னாடி இந்நேரத்துக்கே வந்துட்ட?" என்றாள் அம்மா தாழ்வாரத்திலிருந்து.

"பள்ளிக்கூடம் விட்டாச்சும்மா."

"ஏன், யாராவது பூட்டாங்களா?"

"தெரியல."

யாராவது செத்துப்போனால் பள்ளிக்கூடத்தை மதியத்துக்கு முன்னாலேயே விட்டுவிடுவார்கள். அம்மா அப்படி எடுத்துக்கொண்டாள். நான் பொய் சொல்லவில்லை. மறுநாளும் கேட்டாள், மறுநாளும் விட்டாச்சு என்றேன். நாலைந்து நாளில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாத்தியாரு அடிச்சாரா?"

"இல்ல."

"எவனாவது எதனா சொன்னானா?"

"இல்லம்மா."

"பின்ன இன்னாதான்டி ஒனக்கு?"

"சும்மாதான்."

காரணத்தைச் சொன்னால் ரசத்தைச் சொல்லவேண்டும். நைனா மாட்டைப் பூட்டிக்கொண்டே, "வுடு அவள. பொண்ணுதான. ஒனக்கும் ஒரு கை ஒதவியா இருக்கும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். அண்ணன் போனதிலிருந்து அவர் ஒருவரே கவலை ஓட்டிக்கொண்டு, நடுநடுவே ஓடிப்போய் மடையும் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனேன். தண்ணீர் எந்தப் பாத்தியில் எவ்வளவு நிற்கவேண்டும் என்பது எனக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. நான் அதில் கெட்டிக்காரி ஆகாமல் இருந்திருக்கலாம்.

வாத்தியார் ஒரு தடவை வீடு தேடி வந்தார். "நல்லாப் படிக்கிற பொண்ணு நயினாரே. பரீட்சை வருது, அனுப்பி வையுங்க" என்றார். நைனா, "அனுப்பறேன் சார். அறுப்பு முடியட்டும்" என்றார். அம்மா அவரை நிற்கவைத்து, செடியில் இருந்த கடைசிப் பழங்களைப் பறித்து அவர் துண்டில் கட்டிக் கொடுத்தாள். விட்ட பண்டத்தைத் தொடலாம், தின்னக்கூடாது, அவ்வளவுதான். வாத்தியார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த அறுப்பு முடிந்தது. அடுத்தடுத்த அறுப்புகளும் முடிந்தன. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

பெரிய பள்ளிக்கூடம் திறந்த அன்று தைரியம் குறைந்து அழுதேன், போய்விடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதமே அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நைனா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மெட்ராஸில் லேத் பட்டறையில் இருக்கிறேன், சௌக்கியம், தேடவேண்டாம் என்று மூன்று வரி. விலாசம் இல்லை. படித்து முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் விட்டது வேலை செய்கிறது. இனி நடுவில் போனால் எல்லாம் போய்விடும். பயப்பட ஒரு காரணம் கிடைத்தால் எனக்குப் போதும், அதோடு என் அழுகையும் நின்றது.

அம்மா அந்தப் பங்குனியிலிருந்து அட்டமிக்கு அட்டமி பட்டினி கிடக்க ஆரம்பித்திருந்தாள். எங்களில் பெரியவர்கள் செய்வதுதான், அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. இரண்டாவது வருஷம் தையில் நான் பெரியவளானேன். தாவணி வந்தது. அந்த வருஷம் தக்காளி நாற்று யாரும் விடவில்லை, உதிர்ந்த விதையே வாய்க்கால் ஓரத்தில் முளைத்துக் காய்த்தது. பங்குனியில், இலையெல்லாம் காய்ந்து சின்னச் சின்னப் பழமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒருநாள் நடுப்பகலில், அண்ணன் கையில் ஒரு தகரப்பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். மீசை வைத்திருந்தான். விரல் இடுக்கில் கறுப்பு எண்ணெய் ஏறியிருந்தது.

"வந்தியா" என்றார் நைனா.

"வந்தேன் நைனா."

அவ்வளவுதான் பேசினார்கள். அம்மா தட்டு வைத்ததும் நைனா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் உள்ளே வரவில்லை. தண்ணீர் காட்டின மாட்டுக்கே மறுபடி தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா கவல, ஆளே வளந்துட்ட. எந்த க்ளாஸு இப்ப?"

"அவ எப்பவோ நின்னுட்டா" என்றாள் அம்மா.

"இவளா? வாத்தியாரையே கேள்வி கேக்கறவளாச்சே."

நான் அவன் தட்டில் சோறு குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கை கழுவியதும் அம்மா நேரே வாய்க்காலுக்குப் போனாள். நாங்கள் இரண்டுபேரும் பின்னாலேயே போனோம். அம்மா தக்காளியை விட்டதை வழியிலேயே அவனிடம் சொன்னேன். இருக்கிற செடியிலெல்லாம் தேடி, நன்றாகப் பழுத்ததாக ஒன்றைப் பறித்து, முந்தானையில் துடைத்து, உப்புகூட இல்லாமல் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இரண்டாவது பறித்தாள். மூன்றாவது பறித்தாள். சாறு முகவாயில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

"எனக்காகத் தக்காளிய வுட்டுட்டியாமே. ரெண்டு வருஷமாவா தொடல?" என்றான் அண்ணன்.

"நடுவுல ஒரு தடவ தின்னுட்டேன்டா."

"எப்ப?"

"நீ போன மறு மாசமே. இவ மொத மொதல்ல ரசம் வெச்சா. சட்டிய மாத்தி ஊத்திட்டா. வாயில வெச்சதுமே தெரிஞ்சிடுச்சி. கொழந்த மூஞ்சியப் பாத்தேன், துப்ப மனசு வரல. அப்பிடின்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். மெய்யச் சொன்னா ஆசதான். ஒரு மாசமா நாக்கு அதுக்கு ஏங்கினு இருந்துது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்னேன்டா பாவி நானு. அதனாலதான் நீ வரலன்னு, அட்டமிக்கு அட்டமி பட்டினி கெடந்தேன்."

அண்ணன் சிரித்தான். "நீ தின்னாலும் வுட்டாலும் நான் இப்பதாம்மா வந்திருப்பேன். மேஸ்திரி பொண்ணுக்குக் கல்யாணம். பத்து நாளு பட்டறைய மூடிட்டான். எங்க போறதுன்னு பாத்தேன், பஸ் ஏறிட்டேன்."

அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, அண்ணனும் முழுசாக வந்துவிட்டான், ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் தோன்றியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பழத்தைப் பயமில்லாமல் தின்றேன். வாயைக்கூடக் கொப்புளிக்கவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் உள்ளே ஓடினேன். பரணில் என் பள்ளிக்கூடத்துக் காக்கிப் பை இருந்தது. அம்மா அதில் கொள்ளு போட்டு வாயைக் கட்டி வைத்திருந்தாள். கொள்ளை முறத்தில் கொட்டிவிட்டு, பையைத் திருப்பி உதறி, சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு வந்தேன். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அம்மா மடி நிறையப் பழத்தோடு என்னைத் தாண்டிப் போனாள். நின்று பார்த்துவிட்டு, "நானே எடுக்கணும்னு நெனச்சேன். நல்லா தொவச்சிக் காய வையி. ஊருக்குப் போறப்ப அண்ணனுக்குத் தக்காளி போட்டுக் குடுக்க ஆவும்" என்றாள்.

என் விரதம் முடிந்த விஷயம் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டே, பையின் மூலையில் இன்னும் கொஞ்சம் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன்.